பாஸ்டன் நாட்குறிப்பு: யூத மாணவர்களும் எங்கள் மேசைகளும்

ஞாயிறு, அக்டோபர் 26, 2025 - நியூபோர்ட்

இந்த வாரம் முழுக்க பாஸ்டனில்தான் இருப்பேன். வளாகங்களில் யூத வெறுப்பு தலைதூக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கு ஒரு கல்வி அமைப்பு பயிற்சி நடத்துகிறது. டீன்கள், சட்ட ஆலோசகர்கள், வளாகக் காவல் அதிகாரிகள், ரெஜிஸ்ட்ரார்கள் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் வேலை செய்யும் என்னையும் அனுப்பியிருக்கிறார்கள். அன்றன்று பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

பயிற்சி நாளைக்குத்தான் தொடங்குகிறது. முன்கூட்டியே வந்ததற்குக் காரணம் நியூபோர்ட். பாஸ்டனிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கடற்கரை ஊர். பழைய பணக்காரர்களின் மாளிகைகளைப் பார்க்கத்தான் இங்கே கூட்டம் வரும். நான் டூரோ சினகாக்கைப் பார்க்கப் போனேன். அமெரிக்காவில் இன்றும் நிற்கும் யூத ஆலயங்களில் மிகப் பழையது இதுதான், 1763-ல் திறந்தது.

தெருவுக்கு நேராக இல்லாமல் கட்டடம் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. ஜெருசலேமை நோக்கி இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. உள்ளே பன்னிரண்டு தூண்கள், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்காக. நடுவில் யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை. அந்த மேடைத் தரையில் ஒரு கதவு, கீழே சின்னதாக ஓர் இடம். எதற்காக வைத்தார்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தங்கள் மதத்தை ஒளித்து ஒளித்துப் பின்பற்றியவர்களின் வழிவந்தவர்கள்தான் இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். அது தெரிந்தபின் அந்தக் கதவைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

1790 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் இந்த ஊருக்கு வந்தார். யூதச் சபையின் சார்பில் மோசஸ் சேஷஸ் ஒரு வரவேற்பு மடல் கொடுத்தார். மதவெறிக்கு இந்த அரசு ஒப்புதல் தராது, துன்புறுத்தலுக்குத் துணை போகாது என்று சேஷஸ் எழுதியிருந்ததை வாஷிங்டன் தன் பதிலில் அப்படியே எடுத்துச் சொன்னார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியைத்தான். எனக்கு அதற்கு முன்னால் வருவதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு சாரார் மனமிரங்கி இன்னொரு சாராரைச் சகித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, உரிமை பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு என்கிறார். இதை எழுதியவர் தன் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் கொள்கை என்னவோ அதுதான். புகாரோடு வரும் மாணவரிடம் "பார்த்துச் செய்கிறோம்" என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்தக் கடிதத்தை மாட்டி வைக்கலாம். அந்த மாணவர் சலுகை கேட்டு வரவில்லை.

திங்கள், அக்டோபர் 27 - பாஸ்டன்

2018-ல் இதே தேதி, ஒரு சனிக்கிழமைக் காலை. பிட்ஸ்பர்க்கில் ட்ரீ ஆஃப் லைஃப் சினகாக்கில் வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர்களின் பெயர்களை வாசித்துத்தான் இன்று பயிற்சியைத் தொடங்கினார்கள்.

அவன் ஏன் அங்கே போனான் என்பது நம்மவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஹையாஸ் என்ற யூத அமைப்பு அகதிகளுக்கு உதவுகிறது, அவன் கோபம் அதன் மேல்தான். வெளிநாட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கி வெள்ளையர்களை அழிக்க யூதர்கள் திட்டமிடுகிறார்கள் என்ற கட்டுக்கதையை அவன் நம்பினான். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்ட் 11 இரவு, சார்லட்ஸ்வில் நகரில் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போனவர்கள் "யூதர்கள் எங்கள் இடத்தைப் பிடிக்க முடியாது" என்று கத்தியதும் இதே கதையை வைத்துத்தான். அந்தக் கதையில் வந்து இறங்கும் வெளிநாட்டவர் யார்? என்னைப் போன்றவர்கள்தான்.

காலை அமர்வு நடத்திய வரலாற்றுப் பேராசிரியை இதை நன்றாக விளக்கினார். மற்ற இனவெறிகள் பெரும்பாலும் எதிராளியைத் தாழ்ந்தவன், அறிவில்லாதவன் என்று சொல்லும். யூத வெறுப்பு அதோடு நிற்காது. இவர்கள்தான் பணத்தையும் பத்திரிகையையும் அரசையும் மறைந்திருந்து ஆட்டி வைக்கிறார்கள் என்று சொல்லும். அதனால்தான் ஒடுக்குமுறைக்கு எதிராக மனதார நிற்பவர்கள்கூடச் சில சமயம் இதை அடையாளம் காண்பதில்லை. பலசாலியைத் திட்டுவது தப்பில்லை என்று தோன்றிவிடுகிறது. நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் யாரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மதியம் சட்டம். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில் ஆறாவது பிரிவுதான் எங்களுக்கெல்லாம் அடிப்படை. மத்திய அரசிடம் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் யூத மாணவர் எங்கே போவார்? நெடுங்காலம் இதற்கு நேரான பதில் கிடையாது. 2004-ல்தான் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் தெளிவுபடுத்தியது: ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக ஒருவரைத் துன்புறுத்தினால், அவர்களுக்குப் பொதுவான மதமும் இருக்கிறது என்பதைக் காட்டி இந்தச் சட்டத்திலிருந்து நழுவ முடியாது. யூதர்களுக்குப் போலவே சீக்கியர்களுக்கும் அரபு முஸ்லிம்களுக்கும் அதே விளக்கம்தான் பாதுகாப்பு.

கடைசியாக 2023 டிசம்பர் 5 அன்று நாடாளுமன்றக் குழு முன் நடந்த விசாரணையின் வீடியோ. மூன்று பல்கலைக்கழகத் தலைவர்கள்: ஹார்வர்டின் கிளாடின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்ஐடியின் சாலி கார்ன்ப்ளத். யூதர்களை இனப்படுகொலை செய்ய அழைப்பு விடுப்பது உங்கள் விதிகளை மீறியதாகுமா என்று கேட்டார் நாடாளுமன்ற உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக். சூழலைப் பொறுத்தது என்ற மாதிரி பதில் வந்தது. நான்கே நாளில் மகில் பதவி விலகினார். ஜனவரி 2-ல் கே விலகினார்.

அறையில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். சட்டப்படி அந்தப் பதில் அவ்வளவு தவறில்லை என்றார் ஒரு சட்ட ஆலோசகர். கேள்வியே பொறி வைத்துக் கேட்டதுதான் என்றார் இன்னொருவர். இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வீடியோவை விடுதி அறையில் உட்கார்ந்து பார்த்த யூத மாணவர், தன் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஒரு வக்கீலின் வாயால் பேசுவதைத்தான் கேட்டார். முதலில் "அது கொடுமை, எங்கள் வளாகத்தில் அதற்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டு, அப்புறம் விதிகளுக்குப் போயிருக்கலாம். பயிற்சியாளர்கள் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததும் அந்த வரிசையைத்தான்.

செவ்வாய், அக்டோபர் 28 - கேம்பிரிட்ஜ்

இன்று எல்லோரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள். ஹார்வர்ட் வளாகத்தில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் ஜான் ஹார்வர்ட் சிலையின் காலைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வேறு கதை காத்திருந்தது.

1900-ல் ஹார்வர்ட் மாணவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் யூதர்கள். 1922-ல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், நுழைவுத் தேர்வில் மதிப்பெண் எடுத்து உள்ளே வந்தார்கள். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவல் இதைப் பிரச்சினை என்றார். 15 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அதே லோவல்தான் அதே காலத்தில் கறுப்பின மாணவர்களை முதலாண்டு விடுதிகளில் சேர்க்க மறுத்தவர். வெளிப்படையான ஒதுக்கீட்டு வரம்பைப் பேராசிரியர் குழு 1923-ல் நிராகரித்தது. அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் 1922 இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பப் படிவம் மாறிவிட்டது. அதில் புதிதாக நுழைந்த கேள்விகளைத் திரையில் காட்டினார்கள். இனமும் நிறமும். மத விருப்பம். தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர். தந்தை பிறந்த ஊர். அதன் கீழே: பிறந்ததிலிருந்து உங்கள் பெயரிலோ உங்கள் தந்தையின் பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டுள்ளதா? முழுமையாக விளக்கவும்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த மாதிரிக் கேள்வி பழக்கம்தான். "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா பேரு முழுசா என்ன?" கேட்பவருக்கு ஊரைப் பற்றி ஒரு அக்கறையும் இருக்காது. பதிலுக்குப் பின்னால் இருப்பதைத்தான் தேடுவார். கேம்பிரிட்ஜ் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை எழுதியவருக்கும் அதே நோக்கம்தான்.

1926-க்குப் பிறகு மதிப்பெண் மட்டும் போதாது என்றானது. குணநலன், தலைமைப் பண்பு, புகைப்படம், பரிந்துரை, பல மாநிலங்களின் பிரதிநிதித்துவம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஆனால் யூத மாணவர்களின் பங்கு குறைந்தது. யேல், கொலம்பியா எல்லாம் வெவ்வேறு வகையில் இதே வழியில் போயின. இன்றைக்கும் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு நம் பிள்ளைகள் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்களே, அந்த முறை வேர்விட்டதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு உதாரணமும் சொன்னார்கள். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளி, 1948 முதல் 1961 வரை. யூத மாணவர்களைத் தொடர்ந்து தோல்வியடைய வைத்தார்கள், அல்லது ஆண்டைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் தங்களுக்கே திறமையில்லை என்று நம்பிப் பல பத்தாண்டுகள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. அவர்களில் ஒருவரான பெர்ரி பிரிக்மன் மற்றவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2012-ல் எமரி மன்னிப்புக் கேட்டது. ஐம்பது வருடம் கழித்து. கும்பல் எதுவும் கல்லெறியவில்லை, எல்லாம் மதிப்பெண் பட்டியலில் நடந்தது.

அப்புறம் இன்றைய ஹார்வர்டுக்கு வந்தோம். 2023 அக்டோபர் 7 தாக்குதலும் காஸா போரும் இங்கே வளாகத்தையே இரண்டாகப் பிளந்தன. 2025 ஏப்ரல் 29 அன்று ஹார்வர்ட் ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று யூத, இஸ்ரேலிய மாணவர்களுக்கு நேர்ந்தது பற்றி. இன்னொன்று முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர்களுக்கு நேர்ந்தது பற்றி. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிர்வாகிகள் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மூடி வைக்கக் கூடாது. தனியாக விடப்பட்டோம், பேசினால் ஆபத்து என்ற உணர்வு இரண்டிலும் ஓடுகிறது.

அரசு இதில் எப்படி நுழைந்தது என்பது தனிக்கதை. ஹார்வர்டின் ஆய்வு நிதியில் 200 கோடி டாலருக்கும் மேல் நிறுத்தியது சட்டவிரோதம் என்று இந்த ஆண்டு செப்டம்பர் 3-ல் நீதிபதி ஆலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். யூத வெறுப்பை அரசு ஒரு புகைத்திரையாகப் பயன்படுத்தியது என்று எழுதினார். வெறுப்புச் செயல்களை ஹார்வர்ட் அவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டது தவறு என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். புற்றுநோய் ஆய்வகத்துக்குப் பணத்தை நிறுத்தினால் விடுதியில் பயந்து கிடக்கும் யூத மாணவிக்கு என்ன கிடைக்கும்? என்னோடு வந்த யூத சக ஊழியர்கள் பலரும் இதைத்தான் கேட்டார்கள்.

புதன், அக்டோபர் 29 - பாஸ்டன்

இன்று முழுக்கப் பயிற்சி. ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள். மேசைக்கு மேசை உட்கார்ந்து முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வோம், முதல் நாளில் என்ன செய்வோம் என்று முடிவெடுக்க வேண்டும்.

விடுதிக் கழிப்பறைச் சுவரில் நாஜிச் சின்னம். உடனே அழிக்கத்தான் கை போகும். முதலில் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பிறகு அழிக்க வேண்டும், அந்தத் தளத்தில் இருப்பவர்களுக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும். வதந்தி வழியாக அவர்களுக்குத் தெரிய வந்தால் நிர்வாகம் மூடி மறைத்ததாகத்தான் ஆகும்.

ஒரு மாணவியின் கதவு நிலையிலிருந்து மெசூசாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மெசூசா என்பது விரல் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே தோரா வசனங்கள் எழுதிய தோல் சுருள் இருக்கும். யூத வீடுகளில் வாசலின் வலது நிலையில் கொஞ்சம் சாய்வாக வைப்பார்கள், போகும்போதும் வரும்போதும் சிலர் தொட்டு முத்தமிடுவார்கள். பிடுங்கியதைப் பொருள் சேதம் என்று பதிவு செய்தால், சில டாலர் விவகாரமாக முடிந்துவிடும். நம் வீட்டு நிலைப்படியில் யாராவது கைவைத்தால் அதைப் பொருள் சேதம் என்றா எடுத்துக்கொள்வோம்?

நாஜிச் சின்னம் பற்றிய பேச்சில் நான் கைதூக்க வேண்டி வந்தது. தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இந்திய மாணவர்கள் அறை வாசலில் ஸ்வஸ்திகா போடுவார்கள். பக்கத்து அறை யூத மாணவருக்கு அது வேறொன்றாகத் தெரியும். 2015-ல் வாஷிங்டனில் ஒரு மாணவர் இந்தியாவில் வாங்கிவந்த ஸ்வஸ்திகாவை விடுதிப் பலகையில் மாட்டி, காவல்துறை வரை போனது. அவரே யூதர். இந்த மாதிரி நேரத்தில் தண்டிக்கவும் தேவையில்லை, அச்சத்தை அலட்சியப்படுத்தவும் தேவையில்லை, இருவரையும் உட்கார வைத்துப் பேசினாலே போதும் என்றேன். பலர் குறித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடச் சூடாக ஓடியது, யூத வெறுப்பு என்றால் எது என்ற வரையறை பற்றிய அமர்வு. 2016-ல் சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டணி ஏற்ற வரையறையைப் பல அரசுகளும் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டுள்ளன. அதை எழுதியதில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன், வளாகத்தில் பேச்சைக் கட்டுப்படுத்தும் விதியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மாற்றாக 2021-ல் ஜெருசலேம் பிரகடனம் வந்தது. எந்த வரையறை என்பதில் அறையில் ஒத்த கருத்து வரவே இல்லை, வரும் என்றும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

என் நிலை இதுதான். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது, காஸாவுக்காக ஊர்வலம் போவது மாணவர்களின் உரிமை. அந்த உரிமையைக் காப்பதும் எங்கள் வேலைதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு யூத மாணவனைப் பார்த்து "உங்கள் அரசு செய்வதற்கு நீ என்ன சொல்கிறாய்?" என்று பேராசிரியர் கேட்டால் அது வெறுப்புதான், அவன் டெட்ராய்ட்டில் பிறந்தவன். நூலகத்துக்குப் போகும் வழியில் அவனை மட்டும் மறித்து நம்பிக்கையைச் சோதித்தால் அதுவும் வெறுப்புதான். எந்த வரையறையை ஏற்றாலும் இந்த இரண்டையும் அடையாளம் காண ஒரு டீனுக்குத் தெரிய வேண்டும். கூடாரம், ஒலிபெருக்கி, நேரம் பற்றிய விதி எதுவானாலும் யாருடைய முழக்கம் என்று பாராமல் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த வேண்டும். போன வருடம் ஒரு குழுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இந்த வருடம் இன்னொரு குழுவின் மேல் பாய்ந்தால், வெறுப்பு குறையாது.

(பயணம் செய்யும் சைவர்களுக்கு ஒரு குறிப்பு: மதிய உணவு கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி செய்த பெட்டிகளாக வருகிறது. பார்வே என்று போட்டிருந்தால் இறைச்சியும் பாலும் இருக்காது. ஆனால் மீனும் முட்டையும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.)

சாயங்காலம் தனியாக நடந்து காங்கிரஸ் தெருவில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவிடத்துக்குப் போனேன். 1995-ல் திறந்தது. வரிசையாக ஆறு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 54 அடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொலைமுகாமின் பெயர்: மைடானெக், ஹெல்ம்னோ, சோபிபோர், ட்ரெப்ளின்கா, பெல்செக், ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ். கண்ணாடி முழுக்க எண்கள் பொறித்திருக்கிறது, கீழே கம்பித் தட்டிலிருந்து ஆவி எழும்புகிறது. உள்ளே நடந்தால் எண்களின் நிழல் நம் கை மேலும் சட்டை மேலும் விழுகிறது. 2017 கோடையில் இந்தக் கண்ணாடிகளை இரண்டு முறை உடைத்தார்கள். இரண்டாவது முறை சார்லட்ஸ்வில் ஊர்வலம் நடந்த சில நாட்களில்.

ஒரு கோபுரத்தின் உள்பக்கம் உயிர் பிழைத்த கெர்டா வைஸ்மன் க்ளைனின் வரிகள். இல்ஸே என்ற தோழி முகாமில் ஒரே ஒரு ராஸ்பெரிப் பழத்தைக் கண்டெடுத்து, நாள் முழுக்கப் பைக்குள் வைத்திருந்து, இரவில் ஓர் இலையில் வைத்துத் தன்னிடம் கொடுத்ததைச் சொல்கிறார். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள், வேலை முடிந்து குடிக்கப் போகும் கூட்டம். நான் அதைத் திரும்பவும் படித்தேன்.

வியாழன், அக்டோபர் 30 - வால்தம்

கடைசி அமர்வு பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். போர்ட்டர் சதுக்கத்தில் ஃபிட்ச்பர்க் ரயிலைப் பிடித்தால் வளாக வாசலிலேயே இறங்கலாம்.

மற்ற இடங்கள் கதவைச் சாத்தியதால் பிறந்த பல்கலைக்கழகம் இது. 1948-ல் 107 மாணவர்களோடு தொடங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி லூயிஸ் பிராண்டைஸின் பெயர். யூத சமூகத்தின் பணத்தில் எழுந்தாலும் எந்த மாணவருக்கும் மதமோ இனமோ தடையில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். 1955-ல் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மூவருக்கும் மூன்று வழிபாட்டுக் கூடங்களை ஒரு குளத்தைச் சுற்றிக் கட்டினார்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி. காலை வெயிலில் போய் நின்று பார்த்தேன். விழவில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. 2019 டிசம்பரில், பாகுபாட்டுக்கு எதிரான தன் விதிகளில் சாதியைச் சேர்த்த முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் இதுதான். "எந்தத் தெரு?" என்ற கேள்வியின் அர்த்தத்தைப் புரிந்துகொண்டு விதியில் எழுதி வைத்தது, 1922-ன் படிவத்துக்கு விடையாகப் பிறந்த இந்த நிறுவனம்தான். இதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். தேநீர் இடைவேளையில் இரண்டு டீன்கள் வந்து சாதி பற்றிக் கேட்டுக்கொண்டார்கள்.

முடிவில் ஆளுக்கு ஒரு வேலையை எழுதச் சொன்னார்கள்: திரும்பிப் போனதும் உங்கள் மேசையில் செய்யக்கூடியது, கமிட்டி போடாமல் செய்யக்கூடியது. ஒரு காவல் அதிகாரி, வெறுப்புப் புகார்களை இனி "பொருள் சேதம்" என்ற தலைப்பில் போட மாட்டேன் என்று எழுதினார். ஒரு சட்ட ஆலோசகர், புகார் கொடுத்தவருக்கு ஐந்து வேலை நாளுக்குள் ஒரு மனிதர் போன் செய்வார் என்று எழுதினார், தானியங்கி மின்னஞ்சல் இல்லை.

நான் அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியைத் திறந்தேன். யூதர்களின் மிகப் புனித நாளான யோம் கிப்பூர் 2026 செப்டம்பர் 21, திங்கட்கிழமை. முந்தின மாலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. எங்கள் பொறியியல் துறையில் முதல் தேர்வுகள் அந்த வாரம்தான் வரும். விமான நிலையத்திலிருந்தே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்: அந்தத் திங்களும் முந்தின ஞாயிறு மாலையும் தேர்வு வேண்டாம், துறைத் தலைவர்களுக்கு நவம்பருக்குள் தகவல் போக வேண்டும். ஈத், தீபாவளித் தேதிகளையும் அதே கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.